சுட்ட பிறகு என்ன ஆகும்?

வணக்கம் சார். டாலஸ் பக்கம் இருக்கிறோம், போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவை உடைத்து உள்ளே நுழைந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கும் மனைவிக்கும் சரியான தூக்கம் இல்லை. கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டுக்குள் வந்தவனைச் சுட்டால் டெக்சஸில் கேஸே கிடையாது என்று ஆபீஸ் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா? ஆறு வயதில் மகள் இருக்கிறாள்.
எஸ்., டாலஸ்

அன்புள்ள எஸ்.,

நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி. ஆள் இருக்கும் வீட்டுக்குள் ஒருவன் அத்துமீறிப் பலவந்தமாக நுழைந்தால், உயிருக்கு ஆபத்து என்று நீங்கள் பயந்தது நியாயமே என்று டெக்சஸ் சட்டம் எடுத்துக்கொள்ளும், ஓடித் தப்பித்திருக்கலாமே என்றும் கேட்காது. ஆனால் போலீஸ் வரும், துப்பாக்கியை எடுத்துப் போகும், விஷயம் கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடுக்கலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) வரை போகலாம், அதுவரை வக்கீல் செலவு உங்களுடையது. அப்புறம், அந்த "பலவந்தமாக நுழைந்தால்" என்பது வாசலில் நிற்பவனுக்குப் பொருந்தாது.

1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் நடந்ததைச் சொல்கிறேன். யோஷிஹிரோ ஹட்டோரி, 16 வயது, ஜப்பானிலிருந்து படிக்க வந்த பையன், ஹாலோவீன் விருந்துக்குக் கிளம்பி வீடு மாறி வேறொரு வீட்டில் மணி அடித்துவிட்டான். கதவைத் திறந்து பார்த்த பெண் பயந்துபோய்க் கணவரைத் துப்பாக்கி எடுக்கச் சொல்ல, அவர் வந்து அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார், பையன் நிற்காமல் அவரை நோக்கி வந்தான், அவர் சுட்டுவிட்டார். 1993ல் ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. அடுத்த வருடமே சிவில் வழக்கில் நீதிபதி அதைத் தற்காப்பாக ஏற்காமல், பெற்றோருக்குச் சுமார் 6,50,000 டாலர் கொடுக்கச் சொன்னார். அந்த ஆளும் உங்களைப் போலக் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் துப்பாக்கி வைத்திருந்தார். மணி அடித்த ஒரு பிள்ளையைக் கொன்றவராக மிச்ச வாழ்க்கையை வாழ வேண்டியதாயிற்று, இதற்கு எந்த ஜூரி விடுதலை கொடுக்கும்?

நியூயார்க்கின் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் வழக்கு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1984 டிசம்பரில் சப்வே ரயிலில் நான்கு இளைஞர்கள் சூழ்ந்து 5 டாலர் கேட்டார்கள், நான்கு பேரையும் சுட்டார். யாரும் சாகவில்லை, ஒருவருக்குக் கால்கள் செயலிழந்தன. 1987ல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினார், ஆனால் உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்குத் தண்டனை, எட்டு மாதம் போல உள்ளே இருந்தார். 1996ல் சிவில் ஜூரி 4.3 கோடி டாலர் தீட்ட, திவால் மனு போட்டார். (டெக்சஸில் சுட்டது நியாயம் என்று நிலைநாட்டினால் சிவில் வழக்கிலிருந்தும் பாதுகாப்பு உண்டு. நிலைநாட்ட வேண்டும், அவ்வளவுதான்.)

கெட்ஸ் அமெரிக்கக் குடிமகன், சிறையிலிருந்து வீட்டுக்குப் போனார். உங்கள் கையில் இருப்பது கிரீன் கார்டு. சுட்டது நியாயம் என்று விடுவிக்கப்பட்டும், துப்பாக்கி வைத்திருந்த விதத்தில் ஒரு குற்றம் நிரூபணமானால், அது நாடு கடத்துவதற்கே காரணமாகலாம். உங்கள் வீட்டில் எச்1பி வேலை விசாவில் யாராவது தங்கியிருக்கிறார்களா? வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது, நண்பனுடையதுதானே என்று வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள்.

மகளைப் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், நான் முதலில் யோசித்தது அவளைத்தான். ராத்திரி சட்டென்று எடுக்க வேண்டுமென்றால் தோட்டா போட்டுத் தலைமாட்டில் வைப்பீர்கள், அது அவள் கைக்கும் எட்டும். அப்படி அஜாக்கிரதையாக வைத்து அது அவள் கைக்குக் கிடைத்துவிட்டால், டெக்சஸில் அது உங்கள் மேல் குற்றம்.

வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, பயம் உங்களுடையது, அது நிஜம். கடைக்குப் போகுமுன் ஒரு கிரிமினல் வக்கீலையும் ஒரு இமிகிரேஷன் வக்கீலையும் பாருங்கள். இந்த வாரமே கதவு நிலையைப் பலப்படுத்தி, நல்ல பூட்டும் அலாரமும் போட்டுவிடுங்கள். வாங்குவதென்று முடிவானால் பெட்டகமும் பயிற்சியும் சேர்த்தே வாங்குங்கள்.