கசவு கரை எங்க போச்சு?

கேள்வி: அண்ணா வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறை பக்கம் கல்யாண வீடியோ எடுக்கறேன், எடிட்டிங்கும் நானேதான், டாவின்சி ரிசால்வ்ல. இங்க பாதி கல்யாணம் பட்டுச்சேலை, பாதி கசவு செட்டு முண்டு, அதான் ஜரிகைக் கரை போட்ட கேரளா வெள்ளை முண்டு. பட்டுல ஒரு தொந்தரவும் இல்லைங்க. கசவு கட்டின பொண்ணு கோயில் வாசல்ல வெயில்ல வந்து நின்னா முண்டு மொத்தமும் வெந்து வெறும் வெள்ளையா ஆயிடுது, மடிப்பும் தெரியல கரையும் தெரியல. ஒருத்தர் சொன்னாருன்னு கிளிப் அட்ரிபியூட்ஸ்ல டேட்டா லெவல்ஸை ஃபுல்னு மாத்துனேன், கரை வந்துடுச்சு, ஆனா மாப்பிள்ளை தலைமுடி சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போச்சு. எதுங்கண்ணா சரி?

பதில்: தம்பி, முடி வெளுத்துச்சுன்னும் சொன்னீங்க பாருங்க, அதுலயே விஷயம் பிடிபட்டுருச்சு. ஃபுல் வேண்டாம், வீடியோன்னே வையுங்க. கரை எங்கயும் போகல, உங்க ஃபைலுக்குள்ளயேதான் இருக்கு.

8 பிட் வீடியோல ஒரு புள்ளியோட வெளிச்சத்துக்கு 0 முதல் 255 வரை எண் உண்டு. ஆனா டிவிக்காரங்க கணக்குல கருப்பு 0 இல்ல, 16. வெள்ளை 255 இல்ல, 235. 1982ல டிஜிட்டல் டிவிக்குன்னு ரெக் 601 வந்தப்பவே இப்படித்தான் வெச்சாங்க, சிக்னல் கொஞ்சம் துள்ளினாலும் வெட்டுப்படாம இருக்க மேலயும் கீழயும் இடம் விட்டாங்க. கம்ப்யூட்டர் மானிட்டருக்கு 0தான் கருப்பு, 255தான் வெள்ளை. அதனால எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃபைலை வாங்கினதும் 16ஐ 0ன்னும் 235ஐ 255ன்னும் இழுத்து விரிச்சுக் காட்டும், அதுக்குப் பேருதான் வீடியோ லெவல். ஃபுல்னு போட்டா விரிக்காது, 16ல இருக்கற கருப்பு 16லயே நிக்கும், மாப்பிள்ளை முடி சாம்பலானது இதனாலதான். கேமரா நிஜமாவே ஃபுல்ல எடுத்திருந்தா ஃபுல் போட்டதும் கருப்பு கருப்பாவே இருந்திருக்கணும்.

அப்ப கசவு ஏன் போச்சு? நிறைய கேமரா கருப்பை 16ல வெச்சுட்டு வெள்ளையை மட்டும் 235க்கு மேல 255 வரைக்கும் எழுதும். சூப்பர் ஒயிட்னு சொல்வாங்க. வெயில்ல நிக்கற முண்டோட மடிப்பு, ஜரிகையோட மினுக்கு எல்லாம் அந்த 235க்கு மேலதான் கெடக்கு, சாஃப்ட்வேர் விரிக்கும்போது அது திரையோட எல்லையைத் தாண்டிப் போயிடுது, ஆனா ரிசால்வ் உள்ளுக்குள்ள அதைத் தூக்கி எறியறதில்ல. வேவ்ஃபார்மை, அதான் படத்தோட வெளிச்சத்தைக் காட்டற வரைபடத்தை, திறந்து வெச்சுக்கிட்டு வெளிச்சத்தை ஏத்தி இறக்கற கெயினை மெல்ல இறக்குங்க, உச்சில 1023 கோட்டுல (இந்த வரைபடம் 10 பிட் கணக்கு, 8 பிட் 255க்கு இங்க 1023, 16க்கு 64) அப்பிக்கிட்டு இருந்த பட்டை கீழ இறங்கும்போது பிரிஞ்சு இழை இழையா வரும், அந்த இழைதான் மடிப்பு. முகம் இருண்டா நடு வெளிச்சத்தை மாத்தற காமாவை லேசா ஏத்திக்கலாம். லட் (LUT, ரெடிமேட் கலர் அட்டவணை) போடற பழக்கம் இருந்தா அதுக்கு முந்தின நோடுலயே, அதான் முந்தின கலர் படியிலயே, இதைச் செய்யணும், லட் எல்லையைத் தாண்டினதை வெட்டிப்போட்டுரும், அப்புறம் எவ்வளவு இறக்கினாலும் திரும்ப வராது. இறக்கியும் பட்டை பிரியாம ஒரே கோடாவே வந்தா எடுக்கும்போதே 255ல முட்டிருச்சுன்னு அர்த்தம், அதுக்கு மருந்து இல்ல, அடுத்த தடவை கேமராவுல ஜீப்ராவை (வெளிச்சம் கூடின இடத்துல கோடு போட்டுக் காட்டற வசதி) 100ல வெச்சு முண்டுமேல கோடு விழாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைச்சு எடுங்க.

சந்தேகமே வேண்டாம்னா லென்ஸ் மூடியைப் போட்டுட்டு அஞ்சு செகண்டு எடுத்து ஃபுல்ல வெச்சுப் பாருங்க. பட்டை 64 பக்கத்துல நின்னா அது வீடியோ லெவல் கேமரா, அடில 0ல ஒட்டினா ஃபுல். ஃபைல் விவரம் காட்டற மீடியாஇன்ஃபோ சாஃப்ட்வேர்ல கலர் ரேஞ்ச் லிமிடெட்னு, அதாவது 16 முதல் 235 வரைங்கற வீடியோ லெவல்னு, போட்டிருக்கும், அதை மட்டும் நம்பாதீங்க, லிமிடெட்னு போட்ட ஃபைலுக்குள்ளயும் 255 வரைக்கும் எழுதியிருக்கும். டெலிவர் பண்ணும்போது டேட்டா லெவல்ஸ் ஆட்டோலயே இருக்கட்டும்.

இதுல இவ்வளவு நேரம் நிக்கறதுக்குக் காரணம் இருக்கு. எனக்கே ஒரு கல்யாணத்துல இப்படிப் போச்சு. பொண்ணோட அம்மா குத்தாம்புள்ளில தறிக்காரர்கிட்டயே போய் நெய்யச் சொல்லி வாங்கின முண்டு, ஆல்பத்துல கரை இருக்கு வீடியோல இல்லன்னு அந்தம்மா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாங்க. அன்னைக்கு எனக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரிஞ்சப்புறம் பழைய ஃபைலைத் தேடி எடுத்து, கெயினை இறக்கி, ரெண்டு விரல் அகலக் கரையை அப்படியே கொண்டுவந்து புதுசா ஒரு பென்டிரைவ்ல போட்டு வீட்டுக்கே போய்க் கொடுத்துட்டு வந்தேன்.

கேள்வி: மண்டபத்துல லேப்டாப்பை எச்டிஎம்ஐல டிவிக்குக் கொடுத்தா மட்டும் நிழலெல்லாம் கரியா அப்பிடுதுங்க, என் மானிட்டர்ல சரியாத்தான் இருக்கு. – வேலந்தாவளம் வாசகர்

பதில்: இது வீடியோவோட குத்தம் இல்லைங்க. லேப்டாப் ஃபுல்ல அனுப்புது, டிவி லிமிடெட்னு நினைச்சு மறுபடியும் விரிக்குது, 16க்குக் கீழ இருக்கறதெல்லாம் கருப்புல முங்கிடுது. கிராபிக்ஸ் செட்டிங்ல அவுட்புட் ரேஞ்சும் டிவில எச்டிஎம்ஐ பிளாக் லெவலும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். கிரேடிங்கை மட்டும் தொட்டுராதீங்க, இந்த டிவிக்காக நிழலைத் தூக்கினா மத்த எல்லா டிவிலயும் வெளுத்துப்போயிரும்.