இடியப்பப் பொதியில் 78 கிராம்: லண்டனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் வேறு சிலரும் இதை வாசிக்கக்கூடும். வவுனியாவிலிருந்து லண்டனுக்கு வந்து மூன்று மாதமாகிறது. பதினாறு வயதிலிருந்து முதலாம் வகை நீரிழிவு. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்பு, அதிலுள்ள மாச்சத்துக்கு (கார்போஹைட்ரேட்) ஏற்ற அளவில் இன்சுலின். ஊரில் அம்மா அவித்த இடியப்பத்துக்கு எவ்வளவு ஊசி என்பது பழக்கத்தில் தெரிந்திருந்தது. இங்கே கடையில் வாங்கிய உறைகுளிர் இடியப்பப் பொதியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாச்சத்து என்று இருந்ததை நம்பி, 150 கிராம் எடையுள்ள மூன்று இடியப்பத்துக்குக் கணக்குப் பார்த்து ஊசி போட்டதில், இரண்டு மணித்தியாலத்துக்குள் சீனி 2.9க்கு இறங்கி, அறைத்தோழர் பழச்சாறு பருக்கித்தான் எழுப்பியிருக்கிறார். நிறுவனத்துக்கு எழுதினால், தங்கள் தயாரிப்புகள் எல்லாம் தரமானவை என்று ஒரு வரிப் பதில் வந்தது. உணவு நிறுவனங்களிடமிருந்து சரியான விபரத்தை எப்படிப் பெறுவது என்று கேட்கிறீர்கள்.

நான் இங்கு வந்து 24 ஆண்டுகள். இன்சுலின் போடத் தொடங்கி 15 ஆண்டுகள். மருத்துவர் அல்ல. ஊசியின் அளவைப் பற்றி உங்கள் நீரிழிவுத் தாதியிடம்தான் பேச வேண்டும். லேபிளைப் பற்றியும் கடிதத்தைப் பற்றியும் மட்டும் நான் சொல்கிறேன்.

அந்த 78 என்ற எண் அவித்த இடியப்பத்தின் எண்ணாக இருக்கவே முடியாது. காய்ந்த அரிசி மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 80 கிராம் மாச்சத்து உண்டு. அதில் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிழிந்து, ஆவியில் அவித்த பிறகு எடையில் பாதிக்கு மேல் தண்ணீராகிவிடுகிறது; ஆகவே 100 கிராம் இடியப்பத்தில் 40 கிராமுக்கு அருகில்தான் இருக்கும். பொதியில் சக்தி எவ்வளவு என்று பாருங்கள். 350 கிலோகலோரிக்கு அருகில் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், மாவின் அட்டவணையை அப்படியே இடியப்பத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். நீங்கள் 117 கிராம் மாச்சத்துக்கு ஊசி போட்டிருக்கிறீர்கள்; வயிற்றுக்குள் போனது 60 கிராம் அளவில் இருந்திருக்கும். பிழை உங்களுடையது அல்ல. ஆனால் இந்தப் பிழையைப் பிடிக்கிற கண் உங்களுக்கு வர வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர் உணவுகளை இறக்குமதி செய்யும் சிறு நிறுவனங்களில் இது நான் ஒரு தடவைக்கு மேல் பார்த்த பிழை. மாச்சத்தையும் புரதத்தையும் நான்கால் பெருக்கி, கொழுப்பை ஒன்பதால் பெருக்கிக் கூட்டினால் கிலோகலோரி கிட்டத்தட்ட வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு எண் தவறு. வந்தாலும், ஈரமான உணவுக்குக் காய்ந்த மாவின் எண் பொருந்துமா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும்.

இந்த நாட்டில் பொதி செய்த உணவுகளுக்குப் போசணை அட்டவணை 2016 டிசம்பர் 13 முதல் கட்டாயம். சக்தி, கொழுப்பு, அதில் நிறைவுற்றது, மாச்சத்து, அதில் சீனி, புரதம், உப்பு என்ற ஒழுங்கில், 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிலீற்றருக்கு எவ்வளவு என்று அச்சிட வேண்டும். ஒரு பங்குக்கு எவ்வளவு என்பதைப் போடுவது நிறுவனத்தின் விருப்பம், பங்கு எவ்வளவு பெரியது என்பதும் அவர்களுடைய விருப்பமே. எனவே நான் அந்தப் பத்தியைப் பார்ப்பதேயில்லை. எழுத்தின் உயரம் 1.2 மில்லிமீற்றர் இருந்தால் பெரும்பாலும் போதும் என்பதால், கைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

புதிதாக வருபவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். முதலாவது, "அதில் சீனி" என்ற வரியை மட்டும் பார்ப்பது. பரோட்டாவில் சீனி 3 கிராம் என்று இருக்கும், மாச்சத்து 45 கிராம் என்று இருக்கும். இன்சுலினுக்குக் கணக்கு 45தான். இரண்டாவது, அமெரிக்காவிலிருந்து எழுதுபவர்களின் ஆலோசனையைக் கேட்டு மாச்சத்திலிருந்து நார்ச்சத்தைக் கழிப்பது. அங்கே லேபிளில் நார்ச்சத்தும் மாச்சத்துக்குள் அடங்கும், அதனால் அவர்கள் கழிக்கிறார்கள். இங்கே நார்ச்சத்து ஏற்கனவே வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. நீங்களும் கழித்தால் ஒரே பொருளை இரண்டு தரம் கழித்ததாகும். ஊசி குறைந்து சீனி ஏறும். வட அமெரிக்காவில் அச்சிட்ட பொதி கைக்கு வந்தால் மட்டும் அந்தக் கணக்கு.

அளவுகோலும் மாறியிருக்கிறது. இரத்தச் சீனியை ஊரில் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் சொல்வார்கள், இங்கே லீற்றருக்கு மில்லிமோலில். ஊரில் 180 என்று சொன்னது இங்கே 10, உங்கள் 2.9ஐ 18ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கில் 52. வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லும்போது எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அம்மா 2.9 என்றதைக் கேட்டுப் பயந்தே போவார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு நடந்ததைச் சொன்னால் இலகுவாக விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு உறைகுளிர் பரோட்டாப் பொதி ஒன்றில், ஐந்து பரோட்டா, மொத்தம் 400 கிராம், 100 கிராமுக்கு 45 கிராம் மாச்சத்து, ஒரு பரோட்டாவுக்கு 22.5 கிராம் என்று போட்டிருந்தார்கள். 400ஐ ஐந்தால் வகுத்தால் ஒன்று 80 கிராம். அப்படியானால் ஒன்றுக்கு 36 கிராம் வர வேண்டும். இரண்டு சாப்பிட்டால் 27 கிராம் கணக்கில் வராமல் போகிறது. முதலில் கோபத்தில் நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். நன்றி தெரிவித்து ஒரு தள்ளுபடிச் சீட்டு அனுப்பினார்கள். எனக்குத் தள்ளுபடி வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது தடவை ஆறு வரிதான் எழுதினேன்: பொருளின் பெயர், பட்டைக்குறி எண், தொகுதி எண், காலாவதித் திகதி, லேபிளின் படம், மேலே சொன்ன வகுத்தல் கணக்கு. கடைசி வரியில், "நான் இன்சுலின் போடுபவன், இந்த எண்ணை வைத்தே அளவைத் தீர்மானிக்கிறேன், தயவுசெய்து தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று சேர்த்தேன். ஒன்பது நாளில் பதில் வந்தது. பழைய 50 கிராம் பரோட்டாவுக்குப் போட்ட கணக்கைப் பொதி மாறிய பிறகும் மாற்றவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள்.

கடிதத்துக்குப் பதில் சொல்லும் மேசையில் இருப்பவருக்குப் போசணை தெரியாது. குறையைச் சொன்னால் அவரிடம் ஆயத்தமாக இருக்கும் பதில் வரும். அவரால் தானே பதில் சொல்ல முடியாத, ஆனால் உள்ளே இருக்கும் ஒருவரால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டால்தான் அது உள்ளே போகும். "இந்த எண் சமைக்காத நிலைக்கா, விற்கும் நிலைக்கா, சாப்பிடும் நிலைக்கா? ஆய்வுகூடத்தில் அளந்ததா, சேர்மானங்களிலிருந்து கணக்கிட்டதா? ஒன்றின் சராசரி எடை எவ்வளவு?" இப்படிக் கேளுங்கள். செய்முறையைக் கேட்காதீர்கள், வியாபார இரகசியம் என்ற ஒற்றைச் சொல்லில் கதவைச் சாத்திவிடுவார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. பொறுப்பான நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பொதியில் இருந்தே ஆக வேண்டும். இறக்குமதிப் பொருளென்றால் பெரும்பாலும் பின்னால் ஒட்டிய வெள்ளை ஒட்டியில் இறக்குமதியாளரின் முகவரி இருக்கும். கொழும்பிலோ சென்னையிலோ இருக்கும் தொழிற்சாலைக்கு எழுதுவதைவிட அவருக்கு எழுதுவதே பலன் தரும், ஏனெனில் இங்கே சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சூப்பர் மார்க்கெட்டின் சொந்தப் பெயரில் வரும் பொருளென்றால் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கே எழுதலாம். என் அனுபவத்தில் அவர்கள்தான் ஒழுங்காகப் பதில் சொல்பவர்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் லேபிளில் இருப்பது சராசரி. அதிகாரிகள் சோதிக்கும்போது, 100 கிராமுக்கு 10 முதல் 40 கிராம் வரை மாச்சத்து இருக்கும் உணவில் 20 வீதம் கூடக்குறைய இருக்கலாம் என்றும், 40க்கு மேலென்றால் 8 கிராம் வரை விலகலாம் என்றும் வழிகாட்டல் விட்டுக்கொடுக்கிறது. எனவே ஒரு கிராம், இரண்டு கிராமுக்காக யாருடனும் மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் 78 அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

லேபிளே இல்லாத உணவுதான் எங்கள் ஆட்களுக்குப் பெரிய சோதனை. ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ ஹரோவிலோ தமிழ்க்கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மட்டன் ரோலுக்கும், கேட்டதும் கொத்தித் தரும் கொத்து ரொட்டிக்கும் போசணை அட்டவணை சட்டப்படி தேவையில்லை. பெரிய உணவகங்கள், அதாவது 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், 2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் கலோரியை விலைப்பட்டியலில் போட வேண்டும். ஆனால் கலோரி மட்டும்தான். 600 கலோரிப் பிரியாணிக்கும் 600 கலோரிப் பொரித்த கோழிக்கும் மாச்சத்தில் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியும். பெரிய சங்கிலி உணவகங்கள் பலவும் முழு அட்டவணையை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதில் சோஸ் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறிய கடையில் வேறு வழி. எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைகளில் இடியப்பம் அவித்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். மாச்சத்து எவ்வளவு என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? "ஒரு கிலோ மாவுக்கு எத்தனை இடியப்பம் வரும், அக்கா?" என்று கேட்டேன். யோசிக்காமல், ஐம்பது என்றார். ஒரு கிலோ மாவில் 800 கிராம் மாச்சத்து. ஐம்பதால் வகுத்தால் ஒன்றுக்கு 16 கிராம். தண்ணீரிலும் உப்பிலும் மாச்சத்து இல்லை. எந்த ஆய்வுகூட அறிக்கையையும்விட எனக்கு அந்த ஐம்பதுதான் இத்தனை நாளும் உதவியிருக்கிறது. ரோலுக்கும் இதே வழிதான், ஆனால் உருளைக்கிழங்கு, தோல், ரொட்டித்தூள் என்று மூன்று கணக்கு இருப்பதால் நான் ஒரு ரோலோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திச் சீனியைப் பார்த்துக் குறித்து வைக்கிறேன்.

தெரிந்த பொருளையும் இடைக்கிடை திருப்பிப் பார்க்க வேண்டும். சீனி இறங்கினால் லூக்கோசேட் குடி என்று இங்குள்ள மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். 2017 ஏப்ரலில் அந்தப் பானத்தில் சீனியை வெகுவாகக் குறைத்தார்கள். 100 மில்லிலீற்றரில் 17 கிராம் அளவில் இருந்த மாச்சத்து கிட்டத்தட்டப் பாதியானது. பழைய போத்தலும் புதிய போத்தலும் கொஞ்ச நாள் ஒரே தட்டில் இருந்தன. மூத்தவர்கள் சொல்லும் அளவு பழைய போத்தலுக்கானது. நீங்கள் போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள், அல்லது குளுக்கோஸ் வில்லைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: முதலாம் வகைக்காரருக்கு மாச்சத்துக் கணக்குச் சொல்லித்தரும் டஃப்னி என்ற வகுப்பு தேசிய சுகாதார சேவையில் இலவசம். 10 கிராம் மாச்சத்தை ஒரு பங்காக எண்ணச் சொல்லித்தருவார்கள். உங்கள் தாதியிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். காத்திருக்க வேண்டி வரலாம்.

அந்த நிறுவனத்துக்கு மறுபடி எழுதுங்கள். இம்முறை இவ்வளவு போதும்: "இந்தத் தொகுதியின் லேபிளில் 100 கிராமுக்கு 78 கிராம் மாச்சத்து என்று இருக்கிறது. இது காய்ந்த மாவுக்கான எண்ணா, பொதிக்குள் இருக்கும் அவித்த இடியப்பத்துக்கான எண்ணா? இதை நம்பி இன்சுலின் போட்டதில் எனக்குச் சீனி 2.9க்கு இறங்கியது." படத்தை இணையுங்கள். 14 நாளில் ஒழுங்கான பதில் வராவிட்டால், அதே கடிதத்தை உங்கள் நகரசபையின் வர்த்தகத் தரப் பிரிவுக்கு (Trading Standards) அனுப்புங்கள். லேபிள் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. பொதியை எறிந்துவிடாதீர்கள், குளிர்பெட்டியிலேயே இருக்கட்டும். அவர்கள் கேட்டால் காட்ட வேண்டும்.