லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளியா?

கேள்வி: சிறிய பேக்கரி ஒன்றை நடத்துகிறேன். உரிமத்தைப் புதுப்பிக்க இடைத்தரகர் மூலம் பணம் கேட்கிறார்கள். கொடுத்துவிட்டால் சட்டப்படி எனக்கும் சிக்கல் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: வரும். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு என்றாலும், கொடுத்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ அவர் அதைத் தெரிவித்தாக வேண்டும். அன்றாடம் கடையைத் திறந்தால்தான் பிழைப்பு என்றிருக்கும் சிறு வணிகருக்கு இந்தக் கெடு மிகக் குறுகியது என்பது என் கருத்து.

ஆகவே, கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையை அணுகுவது நல்லது. அவர்கள் ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்தனுப்பி, வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். இவ்வாறு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, விசாரணைக்கு உதவும் பொருட்டுப் பணம் கொடுப்பவரைச் சட்டம் குற்றவாளியாகக் கருதுவதில்லை. இடைத்தரகரும் இதே சட்டத்தின் கீழ் சிக்குவார்.

புகார் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், உங்கள் விண்ணப்பம் எந்த அலுவலரிடம், எந்த நாளிலிருந்து நிலுவையில் உள்ளது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் எழுதிக் கேளுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். காரணமின்றித் தாமதித்தால், தகவல் ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலருக்கு அபராதம் விதிக்கலாம். பெரும்பாலும் கேள்வி போய்ச் சேர்ந்த உடனேயே கோப்பு நகரத் தொடங்கிவிடும்.