எலுமிச்சை வோட்காவுல பாத்திரம் கழுவுற லிக்விட் வாசனை வருதா?

கனடா ஸ்கார்பரோவுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, ஊருக்குப் போயிட்டு வந்த ஃப்ரெண்டு டூட்டி ஃப்ரீயில ஒரு லெமன் ஃபிளேவர் வோட்கா, ஒரு லிட்டர் பாட்டில், வாங்கிக் குடுத்தான். லெமன் கூல்ட்ரிங்க் ஊத்தி மிக்ஸ் பண்ணோம், பாத்திரம் கழுவுற லிக்விட்ட குடிச்ச மாதிரி இருந்துச்சு. சனிக்கிழமை எட்டு பேர் வர்றாங்க, இத வச்சு உருப்படியா ஏதாவது பண்ண முடியுமா? வோட்காவுலயே லெமன் இருக்கே, தனியா பழம் வேற புழியணுமா?"

புழியணும் தம்பி. பாட்டில் மேல சந்தேகப்படாதீங்க, கடைசியா ஒரு கேள்வி கேட்டீங்க பாருங்க, சிக்கலே அதுலதான் இருக்கு.

எலுமிச்சையில வாசனை இருக்கிற எடம் வேற, புளிப்பு இருக்கிற எடம் வேற. வாசனை தோல்ல இருக்கிற எண்ணெய்ல இருக்கு, லிமோனீன், சிட்ரால்னு பேரு. புளிப்பு உள்ள இருக்கிற சாறுல, சிட்ரிக் ஆசிட். ஃபிளேவர் வோட்காவுக்குள்ள போறது வாசனை மட்டும்தான், நம்பிக்கை இல்லனா ஒரு ஸ்பூன் தனியா ஊத்தி நாக்குல வச்சுப் பாருங்க, மூக்குல எலுமிச்சை அடிக்கும், ஆனா பல்லு கூசாது. இதே லிமோனீனையும் சிட்ராலையும்தான் பாத்திரம் கழுவுற லிக்விட்லயும் தரை துடைக்கிற லிக்விட்லயும் வாசனைக்குப் போடுறாங்க, அதனால புளிப்பே இல்லாம அந்த வாசனை மட்டும் வந்தா நம்ம மூளை நேரா கிச்சன் சிங்க்குக்குப் போயிடுது. நீங்க அதுமேல கூல்ட்ரிங்க் வேற ஊத்துனீங்க, அதுல இருக்கிற கொஞ்சம் ஆசிட்டையும் சர்க்கரை அமுக்கிடுச்சு.

இந்த வோட்காவ ஒழுங்கா யூஸ் பண்ண கதை ஒண்ணு சொல்றேன். அப்சலூட் சிட்ரான்னு ஒரு லெமன் ஃபிளேவர் வோட்கா 1988ல மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அதே சமயம் நியூயார்க் மன்ஹாட்டன்ல தி ஓடியான்னு ஒரு ரெஸ்டாரன்ட்ல பார்ல நின்னுட்டிருந்த டோபி செக்கினி கிட்ட, சான் ஃபிரான்சிஸ்கோவுல குடிக்கிறாங்கன்னு காஸ்மோபாலிட்டன்னு ஒரு டிரிங்க்க காட்டுறாங்க, சாதா வோட்கா, பாட்டில் லைம் ஜூஸ், கிரெனடின்னு ஒரு செவப்பு இனிப்பு சிரப் எல்லாம் போட்டது. அவருக்கு அது புடிக்கல. சிட்ரான், க்வான்ட்ரோங்கிற ஆரஞ்சு லிக்கர், அப்பவே புழிஞ்ச லைம், கொஞ்சம் கிரான்பெர்ரி ஜூஸ்னு மாத்திட்டாரு. காஸ்மோவ மொதல்ல கண்டுபுடிச்சது நான்தான்னு மயாமி பக்கம் இன்னொருத்தரும் சொல்றாங்க, அந்த பஞ்சாயத்து நமக்கு வேணாம். கவனிக்க வேண்டியது ஒண்ணுதான், வோட்காவுலயே சிட்ரஸ் இருந்தும் அந்த மனுஷன் பழத்த விடல.

காஸ்மோவுக்கு இன்டர்நேஷனல் பார்டெண்டர்ஸ் அசோசியேஷன் சொல்ற அளவு இது: சிட்ரஸ் வோட்கா 40 மில்லி, க்வான்ட்ரோ 15, லைம் ஜூஸ் 15, கிரான்பெர்ரி 30. வீட்ல அளவு கப் இல்லனா இருமல் மருந்து மூடிய நல்லா கழுவி எடுத்துக்கோங்க, அதுல 5, 10, 15னு கோடு போட்டிருக்கும், சிரிக்காதீங்க, கண்ணால அளக்குறத விட ஆயிரம் மடங்கு மேல். 5 மில்லி லைம் கூடுனாலே டிரிங்க் வேற மாதிரி ஆயிடும்.

கிரான்பெர்ரி வாங்கும்போது ஒண்ணு பாத்துக்கோங்க, "கிரான்பெர்ரி காக்டெயில்"னு விக்கிறது சர்க்கரை சேத்தது, இந்த அளவெல்லாம் அதுக்குத்தான். நூறு பர்சன்ட் கிரான்பெர்ரின்னு இருக்கிறத ஊத்துனா வாய் கோணிக்கும். அதே மாதிரி நம்ம ஊர்ல எலுமிச்சம்பழம்னு சொல்றது உண்மையில லைம் குடும்பம், அங்க கடையில பெருசா மஞ்சளா தடிச்ச தோலோட இருக்கிறதுதான் லெமன். காஸ்மோவுக்கு பச்சை லைம், கீழ சொல்லப் போறதுக்கு மஞ்சள் லெமன். பிளாஸ்டிக் பாட்டில்ல வர்ற ஜூஸ தயவு செஞ்சு தொடாதீங்க, இவ்வளவு தூரம் பேசுனதே வீணாயிடும்.

ஷேக்கர் இல்லனா மூடி இறுக்கமான மேசன் ஜார் போதும், ஆனா ஊறுகாய் போட்டு வச்ச ஜார் வேணாம், எத்தன தடவ கழுவுனாலும் அந்த நல்லெண்ணெய் வாசம் மூடியில இருக்கும். முக்கால் ஜார் ஐஸ் போட்டு 12, 15 செகண்ட் நல்லா வேகமா குலுக்கணும், மொதல்ல ஐஸ் கடகடன்னு முட்டும், அப்புறம் சத்தம் கொஞ்சம் மட்டுப்படும், ஜார் வெளிய வேர்த்துப் போய் கைய புடிக்க முடியாத அளவு சில்லுனு ஆகும், அப்ப நிறுத்துங்க. குலுக்குறது குளிர வைக்க மட்டும் இல்ல, ஐஸ் கரைஞ்சு கால்வாசி அளவு தண்ணியும் சேரணும், அது சேரலனா தொண்டைய சுடும். டீ வடிகட்டியில வடிச்சு ஃப்ரீசர்ல வச்ச கிளாஸ்ல ஊத்திக்கோங்க.

ஊத்துனதுக்கு அப்புறம் ஒரு விரல் நீளத்துக்கு லெமன் தோல சீவி, வெளிப்பக்கம் டிரிங்க்க பாக்குற மாதிரி புடிச்சு ஒரு அழுத்து அழுத்துங்க. வெளிச்சத்துல பாத்தா பொடிப் பொடியா எண்ணெய் தெறிக்கிறது தெரியும், மேல ஒரு மினுமினுப்பு நிக்கும். பாட்டில்ல இருக்கிறது பழைய வாசனை, இது இப்ப பிறந்த வாசனை, ரெண்டும் சேரும்போதுதான் அந்த லிக்விட் நெனப்பு சுத்தமா போகும். இதுல சோம்பேறித்தனம் பண்றவங்கதான் அதிகம், எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

எட்டு பேருக்கு ஒவ்வொண்ணா குலுக்கிட்டு இருந்தா நீங்க பார்ட்டிய கிச்சன்லதான் கொண்டாடணும், அதனால குலுக்காம கிளாஸ்லயே சோடா ஊத்திக் குடிக்கிற காலின்ஸ் டைப்புக்குப் போயிடுங்க. ஒரு ஆளுக்கு வோட்கா 45, லெமன் ஜூஸ் 25, சர்க்கரை பாகு 20. எட்டு பேருக்கு 360, 200, 160. அஞ்சு ஆறு லெமன் ஆகும். பாகுன்னா கம்பிப் பதமெல்லாம் இல்ல, ஒரு கப் சர்க்கரைய ஒரு கப் வெந்நீர்ல கரைச்சு ஆற வச்சா போதும். மூணையும் ஜக்ல கலந்து ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, ஜூஸ் மட்டும் அன்னைக்கு சாயங்காலம் புழிஞ்சதா இருக்கட்டும். கிளாஸ் நெறைய ஐஸ், அதுமேல இந்தக் கலவை 90, மிச்சம் சோடா. சோடாவ ஜக்ல ஊத்திடாதீங்க, அரை மணி நேரத்துல கேஸ் போயிடும்.

இது ஜூஸ் மாதிரி எறங்கும், அதான் ஆபத்து. பாட்டில் 40 பர்சன்ட்னா, ஒரு காலின்ஸ், கனடாவுல ஒரு டிரிங்க்னு கணக்கு வச்சிருக்கிற ஆல்கஹால் அளவ கொஞ்சம் தாண்டும், ஒரு காஸ்மோ க்வான்ட்ரோவும் சேந்து ஒண்ணே காலுக்கு மேல போயிடும். கார் எடுத்துட்டு வர்றவங்க யாருன்னு மொதல்லயே கேட்டு அவங்களுக்கு பாகு, லெமன், சோடா மட்டும் குடுங்க, அதுவும் அருமையாத்தான் இருக்கும்.

பாட்டில் மிச்சம் இருந்தா மூடிய இறுக்கி ஜன்னல் வெயில் படாத எடத்துல வைங்க, காத்தும் வெளிச்சமும் பட்டா மொதல்ல கெடுறது அந்த சிட்ரால்தான். அடுத்த தடவ ஃபிளேவர் பாட்டில் தேடவே வேணாம், சாதா வோட்கா முக்கால் லிட்டருக்கு நாலு லெமன் தோல், மெழுகு போக சுடுதண்ணில தேச்சுக் கழுவிட்டு, வெள்ளைப் பகுதி ஒட்டாம மஞ்சள மட்டும் சீவிப் போடுங்க, வெள்ளை சேந்தா கசக்கும். ரெண்டு மூணு நாள்ல வோட்கா மஞ்சளாகி தோல் வெளுத்துப் போயிருக்கும், அப்ப வடிகட்டிடுங்க.