வன உரிமை மனு தள்ளுபடி: அடுத்து என்ன?

சத்தீஸ்கரின் பஸ்தரில் நீங்கள் வேலை செய்யும் ஊரில், கோண்டுப் பழங்குடிப் பெரியவர் காட்டு நிலத்துக்கு உரிமை கேட்ட வன உரிமை மனுவை ஆவணம் இல்லையென்று உட்கோட்டக் குழு வாய்வார்த்தையாகத் தள்ளிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அது முறையே இல்லை நண்பரே. 2005 டிசம்பர் 13-க்கு முந்தைய நில அனுபவத்தைக் காட்ட, மூத்தவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்கலாம். பழைய கிணறு, இடுகாடு போன்றவையும் சான்றுதான். இரண்டு வகை போதும்.

காரணத்தோடு எழுத்துபூர்வ உத்தரவு கேளுங்கள். கிடைத்த 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் முறையிடலாம். பரிசீலனை முடியும்வரை அவரை வெளியேற்றக் கூடாது என்கிறது வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(5).

காடும் நிலமும் பறிபோன கோபத்தில்தான் மாவோயிஸ்டுகள் வேரூன்றினார்கள் என்பதை 2008-லேயே திட்டக்குழுவின் நிபுணர் குழு பேசியது. பாதுகாப்புப் படை முகாம்கள் கூடிய வேகத்தில் பட்டாக்கள் கூடவில்லை என்பதே என் ஆற்றாமை. கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் மறக்காமல் முறையீட்டோடு இணையுங்கள்.