குத்தகைக்கு மூன்று ஏக்கர்: ஒரு தடவை கணக்குப் போடுங்கள் தம்பி

மன்னார்குடிப் பக்கம் சொந்தமாக இரண்டு ஏக்கர் இருக்கிறது, சிங்கப்பூர்ச் சம்பளத்தில் பக்கத்து மூன்று ஏக்கரையும் ஏக்கருக்கு ஒன்பது மூட்டை நெல்லுக்குக் குத்தகை பிடித்து அண்ணனைப் பயிர் வைக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 35 கிடைக்கிறது என்று வைப்போம். 2025-26 ஆதரவு விலை, பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய். ஆக 49,700 சொச்சம். உழவு, நடவு, உரம், அறுவடை எல்லாம் 30,000 என்றால் சொந்த நிலத்தில் 19,700 நிற்கும். குத்தகை ஒன்பது மூட்டையே 12,800. மிச்சம் ஏழாயிரத்துக்குள். சிங்கப்பூர்த் தேக்காவில் இரண்டு ஞாயிறு சுற்றினால் காலி! அண்ணன் உழைப்புக்குக் கூலி இன்னும் போடவில்லை.

மழையில் சாய்ந்து 25 மூட்டையோடு நின்றால்? சொந்த நிலத்தில் ஐயாயிரமாவது தேறும். குத்தகையில் ஏழாயிரம் கைவிட்டுப் போகும். நெல் குறைந்தாலும் குத்தகை குறையாதே.

அப்புறம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் பயிர் வைக்கிறார் என்று எழுதும் கிராமக் கணக்கு. நான் வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்திருந்ததால் அதில் என் பெயர் இல்லை. வெள்ள நிவாரணம் நிலக்காரர் கணக்குக்குப் போனது, வயலில் நின்றவன் நான். 1955 குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்தே நிலக்காரர்கள் பலர் குத்தகையை எழுதித் தர மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் வாரத்துக்கு, அதாவது விளைந்ததைப் பங்கு பிரிக்கும் முறைக்கு, பேசிப் பாருங்கள், நட்டத்தில் நிலக்காரருக்கும் பங்கு இருக்கும். சரி, அந்த நிலம் வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையிலா, கடைசியில் பாயும் கடைமடையிலா? அதை எழுதுங்கள்.