ரத்தம் கூடினால் ஒளி ஏன் குறைகிறது?

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக, லூமினால் என்ற ஒளிரும் வேதிப்பொருளைச் சேர்த்து வெள்ளணுக்களின் செயல்பாட்டை ஒளியாக அளக்கிறேன். ஆய்வுத் தட்டின் ஒரு குழியில் 2 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டபோது கிடைத்த ஒளி, 50 மைக்ரோலிட்டர் விட்டபோது பாதிகூட இல்லை. கருவியில் கோளாறா?

பதில்: கருவியைத் திட்டாதீர்கள், அம்மா. ஒளியைக் குடித்தது ரத்தம்தான். லூமினாலின் நீல ஒளி 425 நானோமீட்டரை ஒட்டி உச்சம் தொடும். ஹீமோகுளோபின் மிக அதிகமாக உறிஞ்சுவது 415 நானோமீட்டரை ஒட்டி. போதாக்குறைக்குச் சிவப்பணுக்களில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி, ஒளிக்கு வேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடையும் சிதைத்துவிடும். நூறு மடங்கு நீர்த்த ரத்தத்தில் தொடங்கி, இன்னும் நீர்த்துக்கொண்டே போய்ப் பாருங்கள். வெறும் தண்ணீரால் நீர்க்க வேண்டாம், அணுக்கள் வெடித்துவிடும். கால்சியமும் மெக்னீசியமும் உள்ள ஹேங்க்ஸ் உப்புக் கரைசல் நல்லது.

ரத்தம் எடுத்த குழாயின் மூடி என்ன நிறம்? ஊதா என்றால் உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. இருக்கிறது, அது அந்தக் கால்சியத்தைக் கட்டிப்போடும், நியூட்ரோபில் என்ற வெள்ளணு, அதைத் தூண்டச் சேர்க்கும் சைமோசான் (ஈஸ்ட் செல்சுவர்) துகளைச் சரியாக விழுங்காது. பச்சை மூடியுள்ள, ஹெபாரின் என்ற வேறு உறைதடுப்பான் உள்ள குழாயில் எடுங்கள். எடுத்த சில மணி நேரத்துக்குள், 37 டிகிரியில் அளந்துவிடுங்கள். நியூட்ரோபில் நாளைவரை காத்திருக்காது.

துகளை விழுங்கும் நியூட்ரோபில் ஒளி வீசுவதை ராபர்ட் ஆலனும் சகாக்களும் 1972-இல் அறிவித்தபோது லூமினால் சேர்க்கவில்லை. அந்த இயல்பான ஒளி மிக மங்கல். லூமினால் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. ஆனால் அது பெரும்பாலும் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியின் வேலையையே காட்டும். (சளியும் சீழும் பச்சையாக இருப்பது இந்த நொதியின் நிறத்தால்தான்.) நொதி பிறவியிலேயே குறைந்தவருக்கு, வெள்ளணு ஆக்சிஜனிலிருந்து உண்டாக்கும் சூப்பர் ஆக்சைடு நன்றாக உருவானாலும் ஒளி மங்கலாகத்தான் வரும். ஆகவே ஒளி குறைந்தவுடன் "வெள்ளணு சோம்பல்" என்று எழுதிவிடாதீர்கள். லூசிஜெனின் என்ற இன்னொரு ஒளிரும் பொருளைச் சேர்த்தும் ஒருமுறை பாருங்கள். அதன் ஒளி சூப்பர் ஆக்சைடைச் சார்ந்தது.

கிடைத்த ஒளி அளவை நியூட்ரோபில் எண்ணிக்கையால் வகுத்தே ஒப்பிடுங்கள். காய்ச்சல்காரர் ரத்தத்தில் அணுக்கள் கூடியிருந்தாலே ஒளியும் கூடும். தூண்டாத குழி ஒன்றும் ரத்தமில்லாத குழி ஒன்றும் ஒவ்வொரு தட்டிலும் இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒளி எழவில்லை என்றால், வினைப்பொருள் குப்பிகளின் லேபிளைப் படியுங்கள். கெடாமலிருக்கச் சோடியம் அசைடு கலந்திருந்தால், அது மையலோபெராக்சிடேஸையே முடக்கிவிடும்.